ஜாவா சர்வரில் மெமரி தீரும்போது: ஹீப் டம்ப்பா, ஹிஸ்டோகிராமா, ஜேஎஃப்ஆரா?

ப்ரொடக்‌ஷனில் ஓடும் ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) சேவை இரண்டு நாளுக்கு ஒருமுறை மெமரி தீர்ந்து விழுகிறது. ஹீப் டம்ப் (ஜாவா பொருள்கள் வாழும் மெமரியான ஹீப்பின் நகல்) எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் ஒருவர். டம்ப் எடுத்தால் சர்வர் நின்றுவிடும், ஜேஎஃப்ஆர் (ஜாவாவிலேயே உள்ள ஃப்ளைட் ரெக்கார்டர் என்ற பதிவுக் கருவி) போதும் என்கிறார் இன்னொருவர். மெமரி லிமிட்டை இரண்டு மடங்காக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்கிறார் மேலாளர். மூவர் சொல்வதும் ஏதோ ஓரிடத்தில் சரிதான். உங்கள் சர்வர் அந்த இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஜாவா 11 அல்லது அதற்குப் பிந்தைய ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் எஞ்சின்), ஜி1 ஜிசி (பயன்படாத பொருள்களை ஹீப்பிலிருந்து துடைப்பது), குபர்னெட்டிஸில் (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) ஓடும் கண்டெய்னர்.

## கருவியைத் தேடும் முன்: கொன்றது யார்?

'மெமரி தீர்ந்துவிட்டது' என்று நாம் சொல்வது இரண்டு வேறு வேறு சாவுகளை. ஒன்றில், ஹீப்பில் இடமில்லை என்று ஜேவிஎம் தானே அவுட் ஆஃப் மெமரி எரர் வீசுகிறது. மற்றதில், கண்டெய்னர் தன் லிமிட்டைத் தாண்டியதால் லினக்ஸ் கெர்னல் சிக்னல் 9 அனுப்பி ப்ராசஸைக் கொல்கிறது. இரண்டாவதில் ஜேவிஎம்முக்கு வாய் திறக்கவே நேரம் இருக்காது. அப்ளிகேஷன் லாகில் ஒரு வரியும் இருக்காது. எரர் வந்தால் டம்ப் எடு என்று ஃப்ளாக் போட்டிருந்தாலும் டம்ப் கிடைக்காது.

எக்ஸிட் கோடைப் பாருங்கள். 137 என்றால் 128 + 9, அதாவது சிக்னல் 9. ஆனால் 137-ஐ மட்டும் பார்த்து மெமரிதான் என்று முடிவுகட்ட வேண்டாம். லைவ்னெஸ் ப்ரோப் (சேவை உயிரோடு இருக்கிறதா என்ற குபர்னெட்டிஸின் சோதனை) தோற்று, நிறுத்தக் கொடுத்த 30 நொடி அவகாசத்துக்குள் ப்ராசஸ் நிற்கவில்லை என்றாலும் அதே 137தான் வரும். பாடின் (கண்டெய்னரைச் சுமக்கும் குபர்னெட்டிஸ் அலகு) விவரத்தில் காரணம் 'ஓஓஎம்கில்ட்' என்று இருக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதி. 'எக்ஸிட் ஆன் அவுட் ஆஃப் மெமரி எரர்' ஃப்ளாக் போட்டிருந்து ஜேவிஎம் தானே வெளியேறியிருந்தால் கோடு 3.

இன்னொன்றையும் இப்போதே சரிபாருங்கள். ஹீப் அளவு எதுவும் சொல்லாமல் விட்டால் கண்டெய்னர் லிமிட்டில் 25 சதவீதத்தையே ஜேவிஎம் ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும். 2 ஜிபி லிமிட் கொடுத்துவிட்டு 512 எம்பி ஹீப்பில் சேவையை ஓட்டிக்கொண்டு, 'லீக், லீக்' (விடுவிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும் மெமரி) என்று தேடுகிற குழுக்கள் நிறைய. அங்கே லீக் இல்லை, ஒரு ஃப்ளாக் குறைவு. மேக்ஸ் ரேம் பெர்சென்டேஜை 60 முதல் 75 வரை வைத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். 90 வைக்கத் தோன்றும், வேண்டாம். ஹீப்புக்கு வெளியே ஜேவிஎம்முக்கு வேண்டிய இடம் போய், முதல் வகைச் சாவு இரண்டாம் வகையாக மாறிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள். எடுக்கும்போது சேவை எவ்வளவு நேரம் உறையும்? சேவை கிளம்பும்போதே இயக்கியிருக்க வேண்டுமா, இல்லை ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கலாமா? என்ன நிறைந்திருக்கிறது, யார் பிடித்து வைத்திருக்கிறார்கள், எந்தக் கோடு (நிரல் பகுதி) உருவாக்கியது என்ற மூன்றில் எதற்குப் பதில் தருகிறது? ஹீப்பை மட்டும் பார்க்கிறதா, வெளியேயும் பார்க்கிறதா? வாடிக்கையாளரின் தரவு அதில் கசியுமா?

| வழி | உறையும் நேரம் | முன்பே இயக்க வேண்டுமா | தரும் பதில் | கையைக் கடிக்கும் இடம் |
|---|---|---|---|---|
| ஜிசி லாக் | இல்லை | ஆம் | லீக்கா, திடீர் ஏற்றமா | பொருளின் பெயர் தெரியாது |
| கிளாஸ் ஹிஸ்டோகிராம் | ஒரு முழு ஜிசி | இல்லை | என்ன நிறைந்திருக்கிறது | யார் பிடித்திருப்பது என்று தெரியாது |
| ஹீப் டம்ப் | பல நொடி முதல் நிமிடங்கள் வரை | இல்லை | என்ன, யார் பிடித்திருப்பது | வட்டு, லைவ்னெஸ் ப்ரோப், ரகசியத் தரவு |
| ஜேஎஃப்ஆர் | அநேகமாக இல்லை | இயக்கியிருந்தால் நல்லது | எந்தக் கோடு உருவாக்கியது | மாதிரி மட்டுமே, முழுக் கணக்கு அல்ல |
| நேட்டிவ் மெமரி டிராக்கிங் | இல்லை | கட்டாயம் | ஹீப்புக்கு வெளியே எது வளர்கிறது | 5 முதல் 10 சதவீத வேகக் குறைவு |

## ஜிசி லாக்

இதை ஒரு தேர்வு என்று சொல்வதே தவறு. எல்லாச் சேவையிலும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது. ஜாவா 9 முதல் இருக்கும் ஒருங்கிணைந்த லாகிங்கில் கோப்புக்கு எழுதச் சொன்னால், தானாகவே 20 எம்பி வீதம் 5 கோப்புகளைச் சுழற்றும். வட்டில் மொத்தம் 100 எம்பி போல. அவ்வளவுதான் செலவு.

பார்க்க வேண்டியது ஹீப் அளவு ஏறி இறங்கும் ரம்பப் பல்லின் அடிப்பகுதியை, அதாவது மிக்ஸ்டு அல்லது ஃபுல் ஜிசி முடிந்தபின் மிஞ்சும் அளவை. அது 600, 680, 770 எம்பி என்று நாள் முழுக்க ஏறிக்கொண்டே போனால் லீக். 600-லேயே சீராக இருந்து, ஒரே நிமிடத்தில் 1500-ஐத் தொட்டு விழுந்தால் அது லீக் இல்லை. ஏதோ ஒரு கோரிக்கை பக்கம் பிரிக்காமல் லட்சக்கணக்கான வரிகளை டேட்டாபேஸிலிருந்து ஒரே லிஸ்டில் இழுத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் கருவி வேறு. பிரித்துப் பார்க்காமல் தேடலைத் தொடங்கினால் ஒரு வாரம் வீணாகும்.

## கிளாஸ் ஹிஸ்டோகிராம்

ஜேடிகேயோடு வரும் ஜேசிஎம்டி கட்டளையால் கேட்டால், எந்த கிளாஸில் எத்தனை பொருள்கள், எத்தனை பைட் என்று ஒரு பட்டியல் வரும். சில நூறு கேபி உரை. மதிப்புகள் எதுவும் இல்லாததால் டிக்கெட்டில் ஒட்டலாம், யாருக்கும் அனுப்பலாம்.

உயிரோடு இருக்கும் பொருள்களை மட்டும் எண்ண வேண்டும் என்பதால் இயல்பாக இது ஒரு ஃபுல் ஜிசியை நடத்தும். சில ஜிபி ஹீப்பில் ஒன்றிரண்டு நொடி போகலாம். எல்லாவற்றையும் எண்ணு என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அந்த ஜிசி நடக்காது. ஆனால் குப்பையும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் லீக் தேட அந்தப் பட்டியல் உதவாது.

முதன்முறை பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். பட்டியலின் தலையில் எப்போதும் பைட் அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப்பின் நோடு ஆகியவைதான் நிற்கும். ஆரோக்கியமான சேவையிலும் அப்படித்தான். ஒரு பட்டியலை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று எடுத்து, எண்ணிக்கை மூன்றிலும் ஏறியிருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். அவற்றில் உங்கள் பேக்கேஜ் பெயரிலோ, நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரியின் பெயரிலோ இருக்கும் முதல் வரிதான் துப்பு. ஹைபர்னேட்டின் (டேட்டாபேஸ் லைப்ரரி) க்வெரி பிளான் சம்பந்தப்பட்ட கிளாஸ்கள் ஏறிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணிக்கையில் மதிப்புகள் கொடுத்து 'இன்' க்வெரி ஓடுகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எண்ணிக்கை மாறும்போதெல்லாம் அது புதிய பிளான்; அந்த கேஷின் இயல்பு வரம்பு 2048. பெரிய க்வெரிகளாக இருந்தால் அதுவே சிறிய ஹீப்பை விழுங்கிவிடும். 'இன் கிளாஸ் பாராமீட்டர் பேடிங்' அமைப்பை இயக்கினால் மதிப்புகளின் எண்ணிக்கை 2, 4, 8, 16 என்று அடுத்த அளவுக்கு உயர்த்தப்படும், பிளான்களும் குறையும். இதைக் கண்டுபிடிக்க டம்ப் தேவையே இல்லை.

கிளாஸ் பெயர் உங்களுடையது, அதை உருவாக்கும் இடம் கோடில் ஒன்றோ இரண்டோதான் என்றால் ஹிஸ்டோகிராம் போதும். ஏறுவது வெறும் ஸ்ட்ரிங் மட்டும்தான் என்றால் போதாது.

## ஹீப் டம்ப்

பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். பதில்களில் முழுமையானதும் இதுவே. எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து டாமினேட்டர் ட்ரீயைப் பார்த்தால், எந்த ஒரு பொருளை விட்டுவிட்டால் எவ்வளவு மெமரி விடுபடும் என்று வரிசையாகச் சொல்லும். ஒரு ஸ்டாட்டிக் மேப் 900 எம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது முதல் வரியிலேயே நிற்கும். திடீர் ஏற்றத்துக்கும் இது பொருந்தும்: எரர் வந்த கணத்தில் எடுத்த டம்ப்பில் த்ரெட்களின் ஸ்டேக்கும் (எந்த மெத்தட் எதை அழைத்தது என்ற வரிசை) அவற்றின் லோக்கல் மாறிகளும் இருக்கும். பெரிய லிஸ்டைப் பிடித்திருக்கும் த்ரெட் எந்த கன்ட்ரோலரில் நிற்கிறது என்று நேரடியாகப் படிக்கலாம்.

செலவுகள் மறைந்து நிற்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, நேரம். டம்ப் எழுதி முடியும்வரை எல்லா த்ரெட்டும் நிற்கும். நொடிக்கு 125 எம்பி எழுதும் வட்டில் 6 ஜிபி டம்ப்புக்கு ஏறக்குறைய 48 நொடி. குபர்னெட்டிஸின் இயல்பான லைவ்னெஸ் ப்ரோப் 10 நொடிக்கு ஒருமுறை கேட்டு, 3 முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் கண்டெய்னரைக் கொல்லத் தொடங்கும். அதாவது 30 நொடியில் நிறுத்தச் சொல்லும்; உறைந்த ஜேவிஎம் அதைக் கேட்காது, மேலே சொன்ன 30 நொடி அவகாசமும் முடிந்தால் சிக்னல் 9. டம்ப் அதற்குள் முடியாவிட்டால் கையில் மிஞ்சுவது பாதியில் அறுந்த, திறக்க முடியாத ஒரு கோப்பு. லேபிளை மாற்றி அந்த பாடைச் சர்வீஸிலிருந்து விலக்குவது நல்ல பழக்கம்தான்: புதிய பாட் ஒன்று வந்துவிடும், பயனர்களுக்குப் பாதிப்பிருக்காது. ஆனால் லைவ்னெஸ் ப்ரோப் லேபிளைப் பார்ப்பதில்லை. ஓடும் பாடில் அதை மாற்றவும் முடியாது. தோல்வி வரம்பை முன்கூட்டியே கூட்டி வைத்திருந்தால்தான் தப்பிக்கலாம்.

இரண்டாவது, இடம். டம்ப் கண்டெய்னரின் சொந்த அடுக்கில் விழுந்தால் ரீஸ்டார்ட்டோடு போய்விடும். எம்ப்டிடிர் வால்யூம் ஒன்றை இணைத்து அங்கே எழுதச் சொல்லுங்கள். அது கண்டெய்னர் ரீஸ்டார்ட்டைத் தாண்டி பாட் இருக்கும்வரை இருக்கும். அந்த வால்யூமின் மீடியத்தை 'மெமரி' என்று வைத்துவிடாதீர்கள். டம்ப்பே லிமிட்டைத் தின்று கெர்னலை அழைத்துவிடும்.

மூன்றாவது, சின்னதுதான், ஆனால் ஆளைக் கவிழ்க்கும். டம்ப்பின் இயல்பான கோப்புப் பெயரில் ப்ராசஸ் எண் வரும். கண்டெய்னருக்குள் அந்த எண் பெரும்பாலும் 1. பழைய டம்ப் அதே வால்யூமில் கிடந்தால் ஜேவிஎம் அதன்மேல் எழுதாது. கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு விட்டுவிடும். மூன்று வாரம் கழித்து நீங்கள் ஆராய்வது முதல் விபத்தின் டம்ப்பாக இருக்கும். கண்டெய்னர் கிளம்பும் ஸ்கிரிப்ட்டில் பழையதைப் பெயர் மாற்றி நகர்த்தும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

நான்காவது, ரகசியம். ஹீப்பில் இருந்த ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் டம்ப்பில் இருக்கும்: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், செஷன் டோக்கன், வாடிக்கையாளரின் கைபேசி எண், அட்டை எண். டேட்டாபேஸ் பேக்கப்புக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும் வேண்டும். லேப்டாப்பில் இறக்குவதைவிட, அதே நெட்வொர்க்கில் ஒரு பெரிய மெஷினை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, மெமரி அனலைசரோடு வரும் பார்ஸ்ஹீப்டம்ப் ஸ்கிரிப்ட்டை அங்கேயே ஓட்டி, அறிக்கையை மட்டும் இறக்குவது மேல். கருவியின் இயல்பான ஹீப் 1024 எம்பிதான். பெரிய டம்ப்பைத் திறக்கும் முன் அதன் ஐஎன்ஐ கோப்பில் கூட்டுங்கள். ஸ்பிரிங் பூட் ஆக்சுவேட்டரின் (சேவையைக் கண்காணிக்கும் பகுதி) ஹீப்டம்ப் என்ட்பாயிண்ட் வெளியுலகுக்குத் திறந்திருக்கிறதா என்றும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் இந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போகலாம்.

ஐந்தாவது, கருவியே இல்லாமல் போவது. ஜேஆர்இ (ஜாவாவை ஓட்ட மட்டும் உதவுவது) மட்டும் உள்ள இமேஜில் ஜேசிஎம்டி இருக்காது. குபர்னெட்டிஸ் 1.25 முதல் நிலைபெற்ற எஃபெமரல் கண்டெய்னரை (ஓடும் பாடில் தற்காலிகமாகச் சேர்ப்பது), முழு ஜேடிகே உள்ள இமேஜோடு, இலக்குக் கண்டெய்னரைக் குறிப்பிட்டு இணைத்தால் வேலை நடக்கும். இரண்டிலும் பயனர் எண் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜேவிஎம் இணைய விடாது. டம்ப்பை எழுதுவது ஜேசிஎம்டி அல்ல, உங்கள் அப்ளிகேஷனின் ஜேவிஎம். அதனால் கோப்பு அப்ளிகேஷன் கண்டெய்னரில்தான் விழும். டீபக் கண்டெய்னரில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவ்வளவையும் மீறி, 'அவுட் ஆஃப் மெமரி வந்தால் டம்ப் எடு' என்ற ஃப்ளாகை எல்லாச் சேவையிலும் போட்டு வைக்கவே வேண்டும். ப்ராசஸ் எப்படியும் சாகப் போகிறது, அதனால் உறைவதால் இழப்பு குறைவு. 'எக்ஸிட்' ஃப்ளாகும் கூட இருந்தால் முதலில் டம்ப் எழுதிவிட்டுத்தான் வெளியேறும். ஜாவா 15 முதல், கையால் எடுக்கும் டம்ப்பை எழுதும்போதே ஜிஜிப் செய்யவும் முடியும்.

## ஜேஎஃப்ஆர்

ஃப்ளைட் ரெக்கார்டர் ஒருகாலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய அம்சம். ஓப்பன்ஜேடிகே 11-இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது, ஜாவா 8-க்கும் அப்டேட் 262-இல் வந்துசேர்ந்தது. இயல்பான அமைப்பில் இதன் சுமை 1 சதவீதத்துக்குள் அடங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் நிரந்தரமாக ஓடவிடலாம். அளவுக்கும் வயதுக்கும் வரம்பு வைத்து, கடைசி சில மணி நேரம் மட்டும் வட்டில் இருக்கும்படி செய்தால் போதும்.

லீக் தேட இதில் உதவுவது 'ஓல்டு ஆப்ஜெக்ட் சாம்பிள்' என்ற நிகழ்வு. உருவாகும் பொருள்களில் சிலவற்றைக் குறித்துவைத்து, இன்னும் உயிரோடு இருப்பவற்றை மட்டும் கடைசியில் காட்டும். இயல்பாக 256 பொருள்கள். டம்ப்பில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: அந்தப் பொருளை உருவாக்கிய கோடின் ஸ்டேக். ஆனால் இயல்பான 'டிஃபால்ட்' அமைப்பில் அந்த ஸ்டேக் பதிவாவதில்லை. 'ப்ரொஃபைல்' அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் வரும். அதில் சுமை சற்றுக் கூடும். யார் பிடித்திருக்கிறார்கள் என்ற சங்கிலியும் வேண்டுமென்றால் பதிவை இறக்கும்போது 'பாத் டு ஜிசி ரூட்ஸ்' என்பதை இயக்க வேண்டும். அந்த ஒருமுறை மட்டும் சேவை சற்று உறையும்.

மாதிரி என்பதால் மெதுவான, பரவலான லீக்கில் நன்றாக வேலை செய்யும். ஒரே ஒரு பெரிய பொருளில் தடுமாறலாம். சேவை கிளம்பியவுடனேயே பார்த்தாலும் ஏமாற்றும்: வார்ம் அப்பின்போது உருவாகி என்றும் வாழும் நியாயமான கேஷ்கள்தான் முன்னால் நிற்கும். சில மணி நேரம் ஓடிய பின், அந்தப் பிற்பகுதியில் உருவானவற்றை மட்டும் பாருங்கள்.

ஹீப் 20 ஜிபிக்கு மேல் உள்ள சேவை, பணப் பரிவர்த்தனை போல ஒரு நிமிடம்கூட நிறுத்த முடியாத சேவை, டம்ப்பை வெளியே எடுக்கப் பாதுகாப்புக் குழு அனுமதிக்காத சேவை — இந்த மூன்றிலும் ஹீப் டம்ப்பைவிட ஜேஎஃப்ஆர்தான் என் தேர்வு.

## நேட்டிவ் மெமரி டிராக்கிங்

ஜிசி லாகில் ஹீப் அமைதியாக இருக்கிறது, பாடோ ஓஓஎம்கில்ட் ஆகிறது என்றால் மேலே சொன்ன எந்தக் கருவியும் நேரடியாக உதவாது. கூட்டிப் பாருங்கள். 2 ஜிபி லிமிட்டில் 1.5 ஜிபி ஹீப். மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள்) 150 எம்பி. கோட் கேஷ் (கம்பைல் ஆன கோடு) 240 எம்பி வரை வளரலாம். டாம்கேட் வெப் சர்வரின் 200 த்ரெட்டுக்கும் தலா 1 எம்பி வரை ஸ்டேக். இதற்கே எல்லை தாண்டிவிட்டது. இதன்மேல் ஹீப்புக்கு வெளியே வாங்கும் டைரக்ட் பஃபர். வரம்பு சொல்லாவிட்டால் அதன் உச்சம் ஹீப்பின் உச்சத்துக்குச் சமம். எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடாது என்பதால்தான் சேவை இரண்டு நாளாவது ஓடுகிறது.

இந்த டிராக்கிங்கை ஓடும் ஜேவிஎம்மில் இயக்க முடியாது. எல்லா பாடிலும் போடாமல் ஒரே ஒரு பாடில் 'சம்மரி' அளவில் இயக்குங்கள். வார்ம் அப் முடிந்தபின் ஒரு பேஸ்லைன் எடுத்து, 6 மணி நேரம் கழித்து வித்தியாசத்தைக் கேளுங்கள். 'த்ரெட்' வரி வளர்ந்தால் மூடப்படாத எக்ஸிக்யூட்டர். 'கிளாஸ்' வளர்ந்தால் ஓயாமல் கிளாஸ் உருவாக்கும் ப்ராக்ஸியோ ஸ்கிரிப்ட் எஞ்சினோ. 'அதர்' வளர்ந்தால் டைரக்ட் பஃபர். நெட்டி (நெட்வொர்க் லைப்ரரி) இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல், லீக் டிடெக்‌ஷன் அளவைக் கூட்டிப் பாருங்கள்.

எந்த வரியும் வளரவில்லை, ஆனாலும் ப்ராசஸின் ஆர்எஸ்எஸ் (உண்மையில் பிடித்திருக்கும் ரேம்) ஏறுகிறதா? ஜேவிஎம்முக்குத் தெரியாமல் ஒரு நேட்டிவ் லைப்ரரி மெமரி வாங்குகிறது, அல்லது ஜிலிப்சியின் (லினக்ஸின் அடிப்படை லைப்ரரி) மெமரி ஒதுக்கும் மேலாக் துண்டு துண்டாகப் பிடித்துவைத்துத் திருப்பித் தராமல் இருக்கிறது. 64 பிட்டில் அது கோருக்கு 8 அரீனா (தனி மெமரிப் பகுதி) வரை உருவாக்கும். 'மேலாக் அரீனா மேக்ஸ்' சூழல் மாறியை 2 என்று வைத்து ஒரு நாள் பார்ப்பது பத்து நிமிட வேலை. ஏற்றம் நின்றால் நல்லது; நிற்காவிட்டால் மாற்று மேலாக்கான ஜேஇமேலாக்கை ப்ரொஃபைலிங்கோடு இணைத்து எந்த லைப்ரரி என்று தேட வேண்டும்.

## லிமிட்டைக் கூட்டுவது, இரவில் ரீஸ்டார்ட் செய்வது

இவற்றைக் கேலி செய்வது எளிது. ஆனால் கணக்குப் போட்டால் சில நேரம் நியாயம்தான். மணிக்கு 40 எம்பி கசிகிறது, மிச்ச இடம் 600 எம்பி என்றால் 15 மணி நேரத்தில் விழும். மிச்சத்தை 1200 ஆக்கினால் 30 மணி நேரம். தினமும் ஒருமுறை டெப்ளாய் ஆகும் சேவைக்கு அது போதுமானதாகத் தோன்றும். பண்டிகை விடுமுறைக்கு நான்கு நாள் டெப்ளாய் நிற்கும்போதுதான் கடன் கேட்டு வாசலில் நிற்கும், அப்போது பார்க்க ஆளும் இருக்காது. இன்னொரு செலவு, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் தடயத்தை அழிக்கிறது. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு ஹிஸ்டோகிராமாவது எடுக்கும்படி ஸ்கிரிப்ட்டில் எழுதிவிட்டால் அதையும் ஓரளவு ஈடுகட்டலாம்.

திடீர் ஏற்றத்துக்கு லிமிட் கூட்டுவது உதவவே உதவாது. ஒரு கோரிக்கை 5 லட்சம் வரி இழுத்தால் இன்று 1 ஜிபி; அடுத்த ஆண்டு அதே டேபிள் இரண்டு மடங்காகும்.

## இன்று இரவே விழப்போகிறது என்றால்

ஹீப் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, கையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, முன்கூட்டியே எதுவும் இயக்கி வைக்கவில்லை. அப்போது வரிசை இது: முதலில் ஹிஸ்டோகிராம், ஏனென்றால் பாட் செத்தாலும் அந்த உரை உங்களிடம் இருக்கும். இருபது நிமிடம் விட்டு இரண்டாவது. ஜேஎஃப்ஆரை ஓடும் ஜேவிஎம்மிலேயே தொடங்கலாம். முதல் ஹிஸ்டோகிராம் எடுத்த கையோடு 'ப்ரொஃபைல்' அமைப்பில் தொடங்கிவிடுங்கள், இந்த ஒரு மணி நேரத்தில் உருவாகும் பொருள்களாவது பதிவாகும். பிறகு லேபிளை மாற்றி பாடை விலக்கி, மாற்று பாட் தயாரானதும் டம்ப். வட்டு வேகத்தால் டம்ப் அளவை வகுத்துப் பாருங்கள். லைவ்னெஸ் தரும் அவகாசத்தைவிட அதிகம் வந்தால் டம்ப்பில் கை வைக்காதீர்கள். அதற்குப் பதில் மூன்றாவது ஹிஸ்டோகிராமையும் ஜேஎஃப்ஆர் பதிவையும் பாடிலிருந்து வெளியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். இமேஜில் டார் கட்டளை இல்லாவிட்டால் குபர்னெட்டிஸின் நகல் கட்டளை வேலை செய்யாது. எஃபெமரல் கண்டெய்னர் வழியாக, ப்ராசஸ் 1-இன் ரூட் அடைவுக்குள் போய் எடுக்க வேண்டியிருக்கும்.